பார்க்காமல் போட்ட முப்பத்தெட்டு டிக்

என் மனைவி ஆடிட்டர் ஆபீசில் பதினாறு வருடமாகக் கணக்கைச் சரிபார்த்து டிக் போடும் பச்சைப் பேனா பிடிக்கிறாள். நான் வாங்கி வரும் காய்கறிப் பையைக்கூடக் கொட்டிச் சரிபார்த்துதான் உள்ளே வைப்பாள். நான் தச்சன், என் அளவுகோலையே சந்தேகப்படுகிற ஒரே ஆள் அவள்தான்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் கோட்டை விட்டாள்.

பெயிண்ட் கிடங்கு ஒன்றில் சரக்கு சரிபார்க்கும் வேலை. இரண்டு நாள் பிடிக்கும் வேலைக்கு ஆறே மணி நேரம் என்று மேலதிகாரி எழுதிக் கொடுத்திருந்தார். நேரம் தாண்டினால் பெயர் கெடும். அந்த மாதம் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் இருந்தாள். மேல்தட்டில் முப்பத்தெட்டு டிரம். ஏணி வெளியே போயிருக்கிறது என்றார் ஸ்டோர்கீப்பர்.

"போன வருஷம் வந்தவங்களும் கீழேருந்துதாம்மா எண்ணிட்டுப் போனாங்க."

'திறந்து பார்த்தது' என்ற கட்டத்தில் முப்பத்தெட்டு பச்சை டிக் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் நேரே என் பட்டறைக்கு வந்து, மனசு கேட்காமல் எல்லாவற்றையும் கொட்டினாள். எனக்கு என் தொழில் புத்திதானே வரும்?

"டிரம் வச்சிருந்த பலகை தொய்ஞ்சிருந்துச்சா?"

கண்ணை மூடி யோசித்தாள். "கீழ்த்தட்டு நல்லா தொய்ஞ்சிருந்துச்சு. மேல்தட்டு..." முகம் வெளுத்துவிட்டது. "நேரா இருந்துச்சுங்க. ரெண்டும் ஒரே பழைய பலகைதான்."

"அப்போ மேல இருக்கிறது காலி டிரம்."

எனக்கும் பயம்தான். "சந்தேகமா இருக்குன்னு மட்டும் சொல்லு. டிக் போட்டதை எதுக்குச் சொல்லணும்?" என்றேன்.

"அப்புறம் என் மத்த டிக்கை யாருங்க நம்புவா? நானே நம்ப மாட்டேன்."

மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் மேலதிகாரியிடம் தாளை நீட்டினாள். "சார், இது முப்பத்தெட்டும் பார்க்காம போட்டது."

அவர் எகிறினார். "ஏம்மா, ஆபீஸ் மானத்தை வாங்கவா வந்தே?"

"ஆறு மணி நேரத்துல யாராலயும் பார்க்க முடியாது சார்."

பக்கத்து மேசைக்காரர் எழுந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற மனிதர். "என் ஃபைல்லயும் பதினோரு டிக் அப்படித்தான் சார்" என்றார். அடுத்து இன்னொருத்தி. மத்தியானத்துக்குள் மேலதிகாரியின் மேசையில் ஐந்து ஃபைல்கள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாராம். பிறகு தான் எழுதிக் கொடுத்த ஆறு மணி நேரத்தை அடித்துவிட்டு, "உண்மையா எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லு" என்று இவளிடம் கேட்டாராம்.

அந்த வருடம் பதவி உயர்வு வேறு யாருக்கோ போனது. எனக்கு இன்னும் அதில் வயிற்றெரிச்சல் உண்டு, அவளுக்கு இல்லை.

மறுபடி எண்ணப் போனபோது கிடங்குக்கு என் பட்டறை ஏணியைத்தான் கொண்டுபோனாள். முப்பத்தெட்டில் முப்பத்தொன்று காலி. மேலே நின்று ஒவ்வொன்றாகத் தட்டித் திறந்து அவள் எண்ணிச் சொல்ல, கீழே ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றவர் அந்த மேலதிகாரி.