புட்டுக்குழலும் ஒரு பச்சைச் சேலையும்

எங்கள் பக்கம் ஒரு பொருள் ஊருக்குள் வந்தால், அதைச் செய்தவன் வைத்த பெயர் ரெண்டு நாள்கூடத் தாங்காது. என் லென்ஸுக்கும் அதுதான் நடந்தது. ஒரு சாண் நீளத்துக்குக் குழாய் மாதிரி இருக்கும் அந்தக் கேமரா லென்ஸை, எழுபது முதல் இருநூறு மில்லிமீட்டர் என்ற கணக்கில், தொழில்காரர்கள் செவன்ட்டி-டூ ஹன்ட்ரட் என்பார்கள். இராஜாக்கமங்கலம் கடற்கரைப் பக்கத்து மைதானத்துக்கு முதல்முதலாக அதைக் கொண்டுபோன சாயங்காலம், மைக்கில் கால்பந்தாட்டத்துக்கு வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தவர் ஒரே மூச்சில், "அந்தப் புட்டுக்குழல் வச்சிருக்க அண்ணன் கொஞ்சம் கோட்டுக்கு வெளிய நிக்கணும், ஆவி எங்க கோல்கீப்பர் மேல அடிக்குது" என்றார். மைதானமே சிரித்தது. அன்றிலிருந்து அது புட்டுக்குழல். நான் புட்டுக்குழல் அண்ணன்.

வடசேரியில் எனக்கு ஒரு சிறிய ஸ்டுடியோ உண்டு. கல்யாணம், சடங்கு, பாஸ்போர்ட் படம் என்று பிழைப்பு நடக்கிறது. இந்த வேலையை யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் படித்தேன். ஓடுகிற மனிதனைப் படம் எடுக்க எனக்கு அடங்காத ஆசை. கல்யாண வீட்டில் எல்லோரும் எனக்காக நிற்பார்கள். மைதானத்தில் ஒருத்தனும் நிற்கமாட்டான். அது எனக்குப் பிடித்திருந்தது. வாடகைக்கு லென்ஸ் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். மைக்காரர் சொல்லும் வார்த்தைகளை, கல்யாணத் தேதிகள் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்து வைப்பேன். ஒருவன் ஆளில்லாத கோலுக்கு வெளியே அடித்தபோது சொன்னார்: "போஸ்ட்டு அங்கயேதான் நிக்குது மக்கா, அது பஸ்ஸு பிடிக்கப் போவல்ல."

என் மனைவி குவைத்தில் நர்ஸ். நான் வாடகை லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும் நாட்களில் போனில் என் குரல் தொங்கிப்போயிருக்கும் என்பாள். அடுத்த லீவுக்கு வந்தபோது, கைப்பையில் ரெண்டு நைட்டிக்கு நடுவே பொதிந்து, பிள்ளையை எடுத்து வருவதுபோல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எனக்கென்றே ஒரு லென்ஸை எடுத்து வந்தாள். பெட்டியைத் திறந்ததும் கையை உள்ளே விட்டேன். "கைய கழுவிட்டுத் தொடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஒன்றரைக் கிலோ கனம். ஒற்றைக்கால் ஸ்டாண்டில் மாட்டி, கோல் கம்பத்துக்கு ஒருபக்கம் குத்தவைத்து உட்கார்ந்தால், எதிர்க் கோட்டில் ஓடுகிறவனின் புருவத்து வேர்வை தெரியும். லென்ஸின் வாயை முழுக்கத் திறந்து வைப்பேன். அப்போதுதான் ஆள் மட்டும் கூர்மையாக நிற்பான், அவனுக்குப் பின்னால் தென்னை, கொடி, ஜனக்கூட்டம் எல்லாம் தண்ணீரில் விழுந்த சாயம் மாதிரி கரைந்துபோகும். அந்தக் கரைசலுக்குத்தான் இத்தனை விலை. பந்து காலுக்கு வருமுன்பே அவன் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, லென்ஸை அவனோடு கூடவே ஓட்ட வேண்டும். ஒரு கண் குழலுக்குள் போய்விட்டால் மற்றக் கண்ணும், காதும்கூட அதற்குள்ளே போய்விடும். உப்புக்காற்று அடித்தாலும் தெரியாது. பக்கத்தில் ஆள் வந்து நின்றாலும் தெரியாது.

அவள் திரும்பிப் போவதற்கு முந்தின நாளும் ஓர் ஆட்டம் இருந்தது. "நானும் வாறேன்" என்றாள். பந்தாட்டத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து, லென்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மைதானத்தில் அவளை எதிர்க் கோட்டோரம், ஜனங்கள் நிற்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, நான் என் கோல் கம்பத்துக்குப் போய்விட்டேன். ஆட்டம் முடிந்து கார்டைப் பார்த்தபோது ஆயிரத்துக்கு மேல் படங்கள். அன்றைக்கு எடுத்தவைதான் என் வாழ்நாளில் எடுத்த நல்ல படங்கள். வழி நெடுக அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன்.

அவள் போய் ரெண்டு வாரம் கழித்துக் கேட்டாள். கூடத் தங்கியிருக்கும் நர்ஸ் பிள்ளைகள் லீவுக்குப் போன படம் காட்டச் சொல்கிறார்களாம். "செல்லுல நானா எடுத்தது கெடக்கு. நீங்க எடுத்தது ஒண்ணு அனுப்புங்க. அன்னைக்கு கிரவுண்டுல எடுத்திருப்பிய இல்லியா?"

எடுத்திருப்பேன் என்றேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடினேன். முழங்கால்கள் இருந்தன, பூட்ஸ் நாடா அவிழ்ந்து பறந்தது இருந்தது, கோல்கீப்பரின் வாயிலிருந்து தெறித்த எச்சில்கூட இருந்தது. அவள் ஒன்றில்கூட இல்லை. கடைசியில் ஒரு படத்தின் கரைசலுக்குள் மஞ்சளாக ஓர் உருவம் நிற்பதைக் கண்டு, அந்த இடத்தை மட்டும் வெட்டி, "பாரு, கனவு மாதிரி வந்திருக்கு" என்று எழுதி அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "இது எம் பக்கத்துல நின்ன மீன் விக்கிற அக்காவாக்கும். நான் பச்சை உடுத்திருந்தேன்."

அதற்கப்புறம் அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். சாப்பிட்டீர்களா, கேஸ் வந்ததா, அத்தைக்கு மாத்திரை வாங்கினீர்களா என்பதோடு பேச்சு நின்றுவிடும். எவனோ ஒருவனின் பூட்ஸ் நாடாவைப் பிடிக்கத் தெரிந்த எனக்கு, மடியில் பையோடு பின்னால் உட்கார்ந்து வந்தவளின் சேலை நிறம் தெரியவில்லை. ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை, ஒரு மாதம் வருகிறவள். அவள் நிற்கும் ஒரு படம் இல்லாவிட்டால், அந்த மாதம் அவளைக் கண்ணால் பார்த்தேன் என்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம், சோம்பல். நல்ல படங்களைத் தனியே எடுத்தபின், மங்கலாகிப் போனவற்றை அழிக்காமல் 'வேண்டாதது' என்று ஒரு ஃபோல்டரில் தள்ளிவிடுவேன். ஐப்பசி மழையில் கடைக்கு ஒருவரும் வராத ஒரு மத்தியானம், அதைத் திறந்தேன். ஆட்டத்தை வேகமாக எடுக்கும்போது நேருகிற ஒரு பிழை உண்டு. ரெண்டு பேர் பந்துக்குத் துள்ளுவார்கள்; லென்ஸ் அவர்களை விட்டுவிட்டு, இடையில் உள்ள சந்து வழியாகப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். முன்னால் நிற்பவர்கள் புகையாகிவிடுவார்கள். எந்தப் படக்காரனும் அதைக் கண்டால் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததுக்குப் போய்விடுவான். நானும் போயிருக்கிறேன்.

அப்படி ஒன்றில் அவள் இருந்தாள்.

ரெண்டு புகை உருவங்களுக்கு நடுவே, ஊசி முனை மாதிரி கூர்மையாக. பச்சைச் சேலை. மண்ணில் புதையும் என்று செருப்பைக் கழற்றி இடக்கையில் தொங்கவிட்டிருந்தாள். பக்கத்தில் மஞ்சள் சேலையில் மீன்கார அக்காவும், மற்றக் கூட்டம் முழுக்கவும் கழுத்தை நீட்டிப் பந்தைப் பார்க்கிறார்கள். அவள் மட்டும் நேரே என்னைப் பார்க்கிறாள். வலக்கையில் ஒரு பேப்பர் கப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறாள். வாய் திறந்திருக்கிறது. என்னிடம் என்னவோ கேட்கிறாள்.

மழைச் சத்தத்தில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அதை எடுத்தவன். என் விரல்தான் அழுத்தியது. ஆனால் அந்த முகத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

ஒன்றும் எழுதாமல் அனுப்பினேன். அவளுக்கு டூட்டி நேரம். சாயங்காலம் போன் வந்தது.

"எங்க கெடந்துது?"

"வேண்டாததுல." சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. "அன்னைக்கு கப்பத் தூக்கிப் பிடிச்சு என்ன கேட்டட்டி?" என்றேன்.

"சாயா வேணுமாண்ணு கேட்டேன். மூணு மட்டம் கேட்டேன். அந்த அக்கா கூட, ஒம் மாப்பிள்ள குழலுக்குள்ள போயாச்சு, இனி வர மாட்டாருண்ணு சொன்னாவ. பின்ன நானே குடிச்சேன்."

"வேணும்" என்றேன்.

"எது?"

"சாயா."

அந்தப் பக்கம் வார்டில் ஒரு மிஷின் பீப் என்று கத்த, அதை அமர்த்திவிட்டு வந்தாள். "ஆறிப்போச்சு" என்றாள்.

அடுத்த லீவு எப்போது என்று இன்னும் தெரியவில்லை. ஆள் குறைவாம், மேட்ரன் லீவுக்குக் கையெழுத்துப் போடவில்லையாம். நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் போகிறேன். ஆட்டம் துவங்குமுன் எதிர்க் கோட்டில் அவள் நின்ற இடத்தில் லென்ஸை ஒருதடவை கூராக்கிப் பார்த்துக்கொள்வேன். காலி மண், மிதிபட்ட கப்புகள். மீன்கார அக்காவுக்கு விஷயம் தெரியும். "அவொ வந்தா நானே புடிச்சு நிறுத்துதேன், இப்பம் பந்தப் பாரு" என்று அங்கிருந்தே கத்துவாள்.

பந்தைத்தான் பார்க்கிறேன். ஆனால் சாயாக்காரர் கேனைத் தட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் கண் குழலை விட்டு வெளியே வந்துவிடுகிறது; கூட்டத்தில் கையைத் தூக்கி யாராவது நிற்கிறார்களா என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் திரும்புகிறது. போன வாரம் அப்படிக் கண் வெளியே போயிருந்த நேரத்தில் மைதானம் ஓவென்று இரைந்தது. மைக்காரர் கோல் அடித்தவன் பெயரைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, "புட்டுக்குழல் அண்ணனுக்கு இதும் கிட்டல்ல" என்றார்.