தங்கை பேசியதில் நான் விட்டது

என் தங்கை எங்கள் ஊர்ப் பேரூராட்சித் தலைவராகிவிட்டாள் என்று அம்மா போனில் சொன்னபோது நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கேட்டேன். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். நான் மத்திய அரசுத் தேர்வில் தேறி டெல்லிக்கு ரயில் ஏறிய அன்று அவள் அழவில்லை. "பெட்டிச் சாவிய எங்க வச்சிருக்க?" என்றுதான் கேட்டாள். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்று சப்பாத்தி கல் மாதிரி வந்தது.

தென்காசிப் பக்கம் சின்ன ஊர் எங்களுடையது. பதினைந்து வார்டு, ஒரு பஸ் ஸ்டாண்டு, வெள்ளிக்கிழமை சந்தை. அந்த ஊரில் இருபது வருஷமாக நான்தான் எல்லோருக்கும் உதாரணம். தங்கை பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றவள். டைப்பிங் வகுப்பைப் பாதியில் விட்டாள். பேரூராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மனுவை நகலெடுக்க வருகிறவர்களில் எழுதத் தெரியாதவர்களுக்கு அவளே எழுதிக் கொடுப்பாள். குழாய் இணைப்பு, பிறப்புச் சான்றிதழ், தெருவிளக்கு என்று ஊரில் பாதிப் பேருடைய மனு அவள் கையெழுத்தில்தான் போயிருக்கிறது. தலைவர் பதவி அந்த முறை பெண்களுக்கு என்று வந்தது. அவள் வார்டில் நின்று ஜெயித்தாள். மற்ற உறுப்பினர்கள் சேர்ந்து அவளையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதற்குப் பிறகு தினமும் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வரும். "அக்கா, இன்னைக்குக் கூட்டத்துல ஒரே சண்ட" என்று ஆரம்பிப்பாள். சந்தை பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே கூடுவதால் வெள்ளிக்கிழமைகளில் ஆம்புலன்ஸ்கூட நுழைய முடியவில்லை. அதைப் பழைய மாட்டு ஆஸ்பத்திரி மைதானத்துக்கு மாற்ற வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். கடை போடுகிற பெண்கள் அவள் பக்கம் நிற்க, உறுப்பினர்கள் எதிர்ப்பக்கம் நின்றார்கள். நான் அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில் அதைப் பாதி கேட்டு நிறுத்திவிடுவேன். மீதியைக் கேட்டால் மனசுக்கு என்னவோ செய்தது.

எனக்கு ஒரு மகள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. நான் அலுவலகத்தில் என்ன செய்கிறேன் என்று பதினேழு வயதுக்குள் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. ஆனால் சித்தியின் குரல் செய்திகளைச் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் போட்டுக் கேட்பாள். "சித்தி மஸ்த்தா, சூப்பரா பேசுறாம்மா. அப்புறம் அந்த மூணாவது வார்டு அங்கிள் என்ன சொன்னார்?" என்று என்னிடம் கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் பாதியில் நிறுத்தியிருப்பேனே.

ஒருநாள் அவளே, "நீ ஆஃபீஸ்ல என்ன டிசைட் பண்ணுவே?" என்றாள்.

"குறிப்பு எழுதி மேல அனுப்புவேன்."

"அச்சா. அப்புறம் மேல இருக்கவங்க டிசைட் பண்ணுவாங்களா?"

"அவங்க இன்னும் மேல அனுப்புவாங்க" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் தங்கை டெல்லிக்கு வந்தாள். சிறு ஊர்களின் பெண் தலைவர்களுக்கு இங்கே இரண்டு நாள் கூட்டம் போட்டிருந்தார்கள். சந்தையை மாற்றிய கதையைச் சொல்ல அவளுக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள். ஹிந்தி தெரியாததால் துணைக்கு ஒருவரை அழைத்துவரலாம் என்றார்களாம். "நீ இருக்கையில எனக்கென்னக்கா பயம்?" என்றாள். நான் லீவு போட்டேன். அவளுக்காக ஹிந்தியில் ஒரு உரை தயாரித்து, அவள் படிப்பதற்கு வசதியாகத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் பேசுவதைக் கேட்டு நாலு பேர், இதை எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்பார்கள் என்றொரு ஆசை எனக்குள் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் என் துறையின் இணைச் செயலாளர் எங்களை நோக்கி வந்தார். மூன்று வருஷமாக அவர் அறைக்கு நான் ஃபைல் எடுத்துப் போயிருக்கிறேன். நின்றுகொண்டே பதில் சொல்லித் திரும்பியிருக்கிறேன். அவர் என் தங்கைக்குக் கைகூப்பினார். "ஆயியே, அத்யக்ஷ் ஜி" என்று தலைவருக்குரிய மரியாதையோடு அழைத்து, முன்வரிசையில் உட்காரவைத்தார். பிறகு என்னைப் பார்த்து, இவருடைய மொழிபெயர்ப்பாளரா நீங்கள் என்று ஹிந்தியில் கேட்டார்.

"ஜீ, சார்" என்றேன். உங்கள் துறையில்தான் வேலை பார்க்கிறேன் என்று சொல்லவில்லை.

எங்களுக்கு முன்னால் மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு தலைவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். நெற்றிவரை முக்காடு போட்டிருந்த பெண். எழுந்து போனது அவள் கணவர். மைக்கைப் பிடித்து, எங்கள் ஊரில் நாங்கள் இதைச் செய்தோம், அதைச் செய்தோம் என்று அவரே பேசி முடித்தார். அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

அடுத்தது தங்கை. நான் எழுதிக் கொடுத்ததில் இரண்டு வரி படித்தாள். காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இது எனக்கு ஒட்டல. நான் தமிழ்லயே சொல்லுதேன். நீ அவங்களுக்குச் சொல்லிரு."

சந்தையைப் பற்றியும் கடை போடும் பெண்களைப் பற்றியும் அவள் சொன்னதையெல்லாம் ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தேன். பிறகு அவள் குரல் கொஞ்சம் மாறியது. முன்வரிசையில் இருந்த அந்த முக்காட்டுப் பெண்ணைப் பார்த்துப் பேசினாள்.

"மூணு கூட்டத்துல தீர்மானம் வச்சேன். மூணு தடவையும் பாதிப்பேரு எந்திரிச்சுப் போயிட்டாவ. ஏன்னு விசாரிச்சா, எல்லாரும் எங்க வீட்டுக்காரர்ட்டதான் பேசி முடிக்காவ. தலைவர் ரூம்ல என் நாற்காலி பக்கத்துல அவருக்கும் ஒண்ணு போட்டிருந்தாவ. உள்ள வாரவங்க அவருக்குத்தான் வணக்கம் வைப்பாவ. ஒருநா நானே அந்த நாற்காலியத் தூக்கிட்டுப் போயி வராந்தாவுல போட்டேன். மனு கொடுக்க வாரவங்க உக்காரட்டும்னு. வீட்டுக்காரர் ஒரு வாரம் எங்கூடப் பேசல. ஆனா அடுத்த கூட்டத்துல எல்லாரும் என்னப் பாத்துப் பேசுனாவ. தீர்மானம் நிறைவேறிட்டு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். மண்டபமே என்னைப் பார்த்தது. இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கைதட்டுவார்கள். எழுந்து நின்றுகூடத் தட்டுவார்கள். இணைச் செயலாளர் அவளைப் பற்றி அலுவலகத்தில் போய்ச் சொல்வார். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் நான் அவளுடைய மொழிபெயர்ப்பாளராக நிற்பேன்.

நான் ஹிந்தியில் சொன்னது இவ்வளவுதான்: "தொடக்கத்தில் சில சிரமங்கள் இருந்தன. எல்லாத் தரப்பினரையும் கலந்தாலோசித்த பிறகு தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. நன்றி."

இருபது வருஷம் ஃபைலில் எழுதிய நடை. யார் செய்தார்கள் என்பதே தெரியாமல் எழுதப் பழகியவள் நான். கடமைக்குக் கைதட்டினார்கள். தங்கை என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு இறங்கிப் போய் உட்கார்ந்தாள்.

குடும்ப விஷயத்தைப் பொது இடத்தில் எதற்குச் சொல்ல வேண்டும், அதனால்தான் விட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதியச் சாப்பாடு வரைக்கும் அந்தச் சமாதானம் தாங்கியது.

சாப்பாட்டு வரிசையில் நான் தட்டோடு நின்றபோது அந்த மத்தியப் பிரதேசப் பெண் தனியாக இருந்தாள். கணவர் யாருடனோ பேசப் போயிருந்தார். தங்கை நேராக அவளிடம் போனாள். தன் நெஞ்சைத் தொட்டு, "மேரா பதி" என்று தன் கணவரைச் சொன்னாள். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, "குர்சி" என்றாள். அந்தச் சொல்லை அன்று காலை ஆட்டோவில் வரும்போது என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசல்வரை நடந்து, "பாஹர்!" என்று வெளியே வைத்துவிட்டு வந்தாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சுற்றியிருந்த பெண்கள் என்னவென்று கேட்டார்கள். அவளே அவர்களுக்குச் சொன்னாள். மண்டபத்தில் வரக் கூடாது என்று நான் நினைத்த கைதட்டல் அங்கே, பருப்பு வாளிக்குப் பக்கத்தில் வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்காமல் ஏதோ சொல்லத் தொடங்கினாள். தங்கைக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனாலும் தலையாட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டாள். என்னைக் கூப்பிடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். நான் டீ போட்டேன். தங்கை சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"நாற்காலி விஷயத்த நீ சொல்லலேல்லா?"

"சொன்னேனேட்டி. சுருக்கமாச் சொன்னேன்."

"பொய் சொல்லாதக்கா. குர்சிங்கிற வார்த்த வருதான்னு காத்துக்கிட்டே நின்னேன். வரல."

அடுப்பை அணைத்தேன். சமாதானம் எதுவும் அவள் முன்னால் நிற்காது என்று தோன்றியது. "பொறாமை" என்றேன். "எல்லாரும் உனக்குக் கைதட்டுவாங்கன்னு தெரிஞ்சுது. பொறுக்கல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாள். சின்ன வயதில்கூட அவள் அப்படிக் கோபப்பட்டுப் பார்த்ததில்லை.

"இருபது வருஷமா உன் பேரச் சொல்லித்தான் என்னய ஏசுனாவ. அப்பா ஏசுனாவ, மாமியா ஏசுனாவ. அக்காளப் பாரு, அக்காளப் பாருன்னு. ஒரு நாளாவது உன்னப் பத்தி யார்ட்டயாவது குறச்சுப் பேசிருப்பனா? எங்க அக்கா டெல்லியில பெரிய ஆபீசருன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். நீ ஆபீசர் இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் கூட்டம் முடிந்ததும் சரோஜினி நகரில் துணி வாங்க நானும் அவளும் போவதாக இருந்தோம். அவள் என் மகளோடு போனாள். மூன்று மணி நேரம் கழித்துக் கைநிறையப் பைகளோடு, பேரம் பேசியதைச் சொல்லிச் சிரித்தபடி இருவரும் வந்தார்கள். நான் கூடத்துக்கு வந்ததும் பேச்சு குறைந்தது. ரயில் நிலையத்தில் "வாரேன்க்கா" என்றாள். ஊர் போய்ச் சேர்ந்த செய்தி மகளின் போனுக்கு வந்தது.

குரல் செய்திகளும் அப்படித்தான். என் போனுக்கு வருவது நின்றுபோயிற்று. மகளுக்கு வந்துகொண்டிருந்தது. அவள் மேசையில் போடும்போது நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போவதுபோலப் போய், குழாயைத் திறக்காமல் நின்று கேட்பேன். முன்பு பாதியில் நிறுத்தியவள் இப்போது ஒரு சொல் தவறவிடாமல் கேட்டேன். என் மகளுக்குச் சொல்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பொறாமை முந்தையதைவிட மோசமாக இருந்தது.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஒருநாள் அலுவலகத்தில் மதிய இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்பதற்குத்தான். வாக்கியத்தைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

"கூட்டம் நடக்குக்கா, பெறகு பேசுதேன்" என்றாள். போனைத் துண்டிக்காமல் மேசையில் வைத்துவிட்டாள்.

கேட்டுக்கொண்டே இருந்தேன். ஓர் ஆண்குரல் கத்திக்கொண்டிருந்தது. ஏழாவது வார்டில் குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலக்கிறது, எத்தனை தடவை சொல்வது, அலுவலகத்தில் எல்லோரும் தூங்குகிறீர்களா என்று. இன்னொருவர் குறுக்கே பாய்ந்தார். நாற்காலிகள் இழுபடும் ஓசை. பிறகு என் தங்கையின் குரல்.

"உக்காருங்க அண்ணாச்சி. நீங்க சொன்னத அப்படியே எழுதியாச்சு. வாசிச்சுக் காட்டச் சொல்லட்டுமா? சரி. இப்ப அந்த அக்கா பேசட்டும், அவங்க தெருதான் அது."

ஒரு பெண் பேசினாள். பயந்து, இடையிடையே நின்று பேசினாள். யாரும் குறுக்கிடவில்லை. என் மேசைக்கு எதிரே சக ஊழியர் ஒருவர் ஃபைலோடு வந்து நின்றார். கையைக் காட்டி இருக்கச் சொன்னேன். குழாயை மாற்றும் தீர்மானத்தைச் செயல் அலுவலர் வாசித்தார். மேசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. என் வயிறு எரியத்தான் செய்தது. இவ்வளவு நன்றாகச் செய்கிறாளே என்று.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். நான் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன்.

"முழுக்கக் கேட்டுக்கிட்டா இருந்த? போன் அவ்வளவு நேரம் ஓடியிருக்கு."

"கேட்டேன்." பஸ் ஒன்று இரைந்துகொண்டு போனது. அது போகட்டும் என்று காத்திருந்தேன். "அன்னைக்குப் பண்ணது தப்புட்டி. மன்னிச்சிரு."

அந்தப் பக்கம் தெருவில் யாரோ அவளுக்கு வணக்கம் சொல்வதும், அவள் பதில் சொல்வதும் கேட்டது.

"அத நேர்ல வரும்போது பேசிக்கிடுவோம். இன்னும் ஆறல" என்றாள். பிறகு, "அந்த அண்ணாச்சி கத்துனாருல்லா, எதுக்குன்னு தெரியுமா?" என்று ஏழாவது வார்டுக் குழாயின் கதையைத் தொடங்கினாள். என் பஸ் வந்து நின்று கிளம்பிப் போயிற்று. நான் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.