இரண்டு பேர் போய் ஒருவர் திரும்பும் தொழில்

பறவையைப் படம் பிடிக்கிற தொழில் என்றால், இருக்கிற இடத்தில் இல்லாதவன் மாதிரி உட்கார்ந்திருப்பது, அவ்வளவுதான். மூன்று மணி நேரம் கால் மரத்துப்போய்க் கிடந்து, கடைசியில் கேமராவில் ஃபிலிமே போடவில்லை என்று கண்டுபிடித்துத் தலையில் அடித்துக்கொண்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நீங்கள் என் சொந்தக்காரர்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தேன். வாரத்தில் ஆறு நாள் கல்யாண ஜோடிகளின் மூஞ்சி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடத்து மணலில் பறவை. ஃபிலிம் லேசில் கிடைக்காத காலம். ரோலுக்குப் பன்னிரண்டு படம். பறவையைத் தவிர வேறெதற்கும் ஒன்றைக்கூட வீணாக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

கணக்குத் தெரியாத குருவி

மணலில் சாக்குக் கூடாரம் போட்டு அதற்குள் புகுந்துகொண்டால் போதும் என்று நினைக்கிறீர்களா? போதாது. நாம் உள்ளே போனதைப் பார்த்த குருவி, வெளியே வருகிற வரை முட்டைப் பக்கம் எட்டிப் பார்க்காது. அதுவும் ஆள்காட்டிக் குருவி இருக்கிறதே, சரியான ராங்கி. வெட்டவெளி மணலில் நாலு முட்டை போட்டுவிட்டு, மனுஷத் தலை தெரிந்தால் போதும், ஊரைக் கூட்டிவிடும்.

இதற்கு வழி ஒன்றுதான். இரண்டு பேர் உள்ளே போக வேண்டும், ஒருவர் திரும்பிப் போக வேண்டும். போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, குரல் கொடுக்கக் கூடாது. குருவி அவர் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு கரை வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு, எல்லோரும் போய்விட்டார்கள் என்று நிம்மதியாக வந்து முட்டைமேல் உட்காரும். எனக்கு அப்படித் திரும்பிப் போகிறவர் கோவிந்தன். திருவானைக்காவலில் சைக்கிள் கடை. ஞாயிறு கடை லீவு. நாலு வருஷம் ஒரு வாரம் தவறாமல் வந்தார். உனக்கு இதில் என்னய்யா கிடைக்கிறது என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அதுக்குக் கணக்குத் தெரியலையேன்னு பாவமா இருக்கு சார், ஆனா பாக்க நல்லாயிருக்கு" என்றார்.

கரையில் இருந்த கண்

சலவைத் தொழிலாளி பிச்சை கரையோரம் துணி உலர்த்துவார். ஒருநாள் கூடாரத்துக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன், சாக்கு மெல்ல விலகுகிறது. ஒரு கண் உள்ளே பார்க்கிறது. நான் பயந்து அலறியே விட்டேன். அவருக்கு என்னைவிட மோசம். வாய் திறந்தது திறந்தபடி நிற்கிறார். பின்னால் கடப்பாரையோடு இரண்டு பேர். குருவி பறந்தது, அன்றைய பிழைப்பும் போயிற்று. கோபத்தில் எகிறிவிட்டேன்.

மனுஷர் பல வாரமாகக் கவனித்து வந்திருக்கிறார். இரண்டு பேர் போகிறார்கள், ஒருவர் மட்டும் திரும்புகிறார், மணலில் அசைவே இல்லை. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சோறு இறங்காமல் இருந்தாராம்.

"ஆளைப் புதைச்சிட்டுத்தான் அவரு திரும்பிப் பாக்காம போறாருன்னு நெனைச்சேங்க" என்றார்.

அறுபதிலேயே நின்ற சத்தம்

கோவிந்தன் கிளம்பியதும் நான் மனசுக்குள் எண்ண ஆரம்பிப்பேன். நூற்றைம்பது எண்ணுவதற்குள் அவர் தண்ணீரைத் தாண்டிக் கரையேறுவார், குருவியின் கத்தலும் ஓயும். வைகாசியில் ஒரு காலை, அறுபது எண்ணும்போதே கத்தல் நின்றுவிட்டது. குருவி உடனே திரும்பி வந்து, என்னிடமிருந்து எட்டடியில் உட்கார்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவ்வளவு அமைதியாக அது உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பன்னிரண்டு படத்தையும் எடுத்துத் தீர்த்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அந்த ரோலில்தான் இருக்கிறது. சொல்லவே வாய் கூசுகிறது.

பதினோரு மணிக்கு என்னை அழைத்துப்போக வர வேண்டியவர் வரவில்லை. பொறுப்பு இருக்கிறதா இந்த மனுஷனுக்கு என்று வாய்விட்டே திட்டினேன். உச்சி வெயிலில் வெளியே வந்தால், கரையில் அவர் சைக்கிள் நிறுத்தியபடியே நிற்கிறது. மணலில் அவர் காலடி நேராகப் போய், வேறொரு குருவி ஜோடியின் முட்டைகளை மிதிக்காமல் பத்தடி விலகி, அங்கே தண்ணீரில் இறங்கியிருந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது. வலைபோடுகிறவர்கள் சாயங்காலத்துக்குள் உடலை எடுத்துவிட்டார்கள்.

அவர்களில் பெரியவர் சொன்னார்: "சுத்தி முழங்கால் தண்ணிதாங்க, அவரு கால வச்ச இடம் மட்டுந்தான் மடு."

காலியான மணல்

பத்தாம் நாள் கூடாரத்தைப் பிரிக்கத் தனியாகப் போனேன். பிரிக்கத்தான் போனேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கேமராவும் கையில் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தேன். தனியாகப் போனவனை நம்பிக் குருவி வராது என்று எனக்குத் தெரியும். சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சற்று நேரத்தில் கூடாரத்துக்கு மேலே கத்தல் ஆரம்பித்தது. ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஆள் உயரத்துக்குத் தாழப் பறந்து, கத்திக்கொண்டே, நடக்கிற வேகத்தில் குருவி போகிறது. கீழே யாரும் இல்லை. நேராகப் போயிற்று, பத்தடி விலகிற்று, தண்ணீர் ஓரத்தில் நின்றது. கத்தல் ஓய்ந்தது. திரும்பி வந்து முட்டைமேல் அமைதியாக உட்கார்ந்தது. நான் எண்ணவில்லை, எண்ணப் பயம். கேமராவைத் தொடவும் கை வரவில்லை. கூடாரத்தை அப்படியே போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினேன்.

கரையில் பிச்சை. ஒரு மாதம் மணப்பாறையில் மகள் வீட்டில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் வந்தவர். ஊரில் நடந்தது எதுவும் அவர் காதுக்கு எட்டவில்லை. துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"கூட வந்தவரு இப்பத்தானே அந்தப் பக்கம் இறங்கினாரு, இன்னுமா கரையேறலே?"

முகம் இல்லாத படம்

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்று கோவிந்தன் மனைவி செல்லம்மாள் சொல்லி அனுப்பியிருந்தார். அவர்கள் கல்யாணத்தில் போட்டோ எடுக்கவில்லை. மூஞ்சி பிடித்தே வயிறு வளர்த்தவன் நான். நாலு வருஷ நெகடிவ் அத்தனையும் புரட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூட அவர் முகம் இல்லை. கை தவறி பட்டனை அமுக்கியதில் விழுந்த ஒரே ஒரு படத்தில் முதுகு; மணலில் போய்க்கொண்டிருக்கிறார். வெட்கத்தோடு அதைப் பெரிதாக்கி எடுத்துப்போனேன். அவர் இறந்த அன்று எடுத்த குருவிப் படத்தையும் செல்லம்மாள் காட்டச் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முழுகும்போது அவர் கூப்பிட்டாரா என்று செல்லம்மாள் கேட்டார். எட்டுக்கு எட்டில் அவர்கள் வீட்டு இருட்டு அறை, என்னால் நிமிர முடியவில்லை. பொய் சொல்லலாம் என்று பார்த்தேன், நாக்கு வரவில்லை. குருவி கத்தல் நின்றபிறகு ஆற்றில் ஒரு சத்தமும் இல்லை, கூப்பிட்டிருந்தால் கட்டாயம் கேட்டிருக்கும், கூப்பிடவில்லை என்றேன். அவர் அழவில்லை. முதுகுப் படத்தை முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சத்தம் போட்டா குருவி எந்திரிச்சிடும்னு பேசாம இருந்திருப்பாருங்க. நீங்க படம் எடுத்துட்டீங்கல்ல?"

அதற்குப் பிறகும் நான் பறவைகளைப் படம் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் என்னோடு வருகிறவர் எவ்வளவு கூச்சப்பட்டாலும் ரோலின் முதல் படம் அவர் முகம்தான் என்பதால், பன்னிரண்டில் எனக்குப் பதினொன்றுதான் மிஞ்சுகிறது.