சிரிக்காமல் இருக்கப் பழகிய வின்சன்ற் மாமா

என் தாய்மாமன் வின்சன்ற்றுக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். லிஃப்ற் நடுவில் நின்றாலும் சிரிப்பார். பல்லுப் பிடுங்கப் போனாலும் சிரிப்பார். ஊரில், பேசாலையில், மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். இப்போது ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு, சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் வீட்டுச் சோபாவில் படுக்கிறார். அங்கே நேவி பிடித்து அடித்த பிறகுதான் கனடாவுக்கு ஓடிவந்து அகதிக் கோரிக்கை வைத்தார்.

விசாரணையில் அவர் அதைச் சொன்ன விதம் இது: "என்னைத் தலைகீழாக் கட்டித் தூக்கினவங்கள். பாரை மீனையும் அப்பிடித்தான் தூக்கிறது. ஆனா மீனுக்கு விலையாவது கேப்பாங்கள்."

சொல்லிவிட்டுச் சிரித்திருக்கிறார். விசாரித்தவர் சிரிக்கவில்லை. உண்மையாக அடிபட்டவர் இப்படிச் சிரித்துக்கொண்டு சொல்லமாட்டார் என்று எழுதி நிராகரித்துவிட்டார். மேல்முறையீட்டிலும் அதே பதில். மிஞ்சியது பெடரல் கோர்ட் மட்டும். அங்கும் தோற்றால் மாமாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கோர்ட் வழக்கை எடுக்கச் சம்மதித்ததும் நான் களத்தில் இறங்கினேன். பள்ளிக்கூடம் முடித்து, மேலே என்ன படிப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. தொலைக்காட்சியில் பார்த்த கோர்ட்டுகளை நம்பி, அம்மாவின் கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நீதிபதியாக உட்கார்ந்தேன்.

"மிஸ்டர் வின்சன்ற், நேவி உங்களை என்ன செய்தது?"

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "உந்தச் சால்வையைக் கழட்டு பிள்ளை. பெரிய வெள்ளிக்குத் துணி போட்டு மூடின சுரூபம் மாதிரி இருக்கிறாய்."

"மாமா! ஊரிலை பாஸ்கு நாடகம் நடிச்சனீங்கள்தானே? அப்பிடி நினைச்சுக்கொண்டு இருங்கோ."

"நான் சிலுவையிலை தொங்கின கள்ளன். சாகிற இடத்திலையும் சிரிச்சுப் பேச்சு வாங்கினனான்."

ஆனாலும் விடவில்லை. செத்த கள்ளனைப்போல முகத்தை வைத்திருக்க அவரைப் பழக்கியே விட்டேன்.

வழக்கு நாளன்று கோர்ட் வாசலில் எங்கள் வழக்கறிஞர் நிரூபா அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்: "அக்கா, மாமா ரெடி. என்ன கேட்டாலும் சிரிக்கமாட்டார்."

"ஆர் கேக்கப்போகினம்? போன மாசமே சொன்னனே மெலிசா. இது கதை சொல்ற இடமில்லை. முந்தி எடுத்த டிசிஷன் நியாயமா எண்டு மட்டும்தான் ஜட்ஜ் பாப்பார். அங்கிள் சும்மா இருந்தாக் காணும்."

சொன்னவர்தான். அப்போது நான் பெரிய ஆள் மாதிரித் தலையாட்டிவிட்டு, மாமாவுக்கு "எல்லாம் ஓகேயாம்" என்று மொழிபெயர்த்திருந்தேன்.

மாமா என்னைப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் என்னை எதுக்கடி வதைச்சனி? நேவியே பரவாயில்லை."

உள்ளே நிரூபா அக்கா நன்றாக வாதாடினார். கணுக்கால் தழும்புகளைப் பற்றி டாக்டர் எழுதியதை மேல்முறையீட்டில்கூட ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டார். பிறகு, "இவர் பயந்தால் சிரிக்கிற மனிதர்" என்றார். நீதிபதி தலையைத் தூக்கி மாமாவைப் பார்த்தார்.

அந்த மண்டபத்தில் மாமாவைவிடப் பயந்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. உதட்டை இறுக்கி, கழுத்தைச் சரித்து, செத்த கள்ளனாக அசையாமல் இருந்தார். வாழ்க்கையில் ஒரேயொரு முறை சிரிப்பு உதவியிருக்கக்கூடிய இடம்! 'மாமாவைச் சிரிக்கப் பண்ணுங்கோ' என்று நான் புனித அந்தோனியாரிடம் மன்றாடினேன். அவராலும் என் பயிற்சிக்கு எதிராக ஒன்றும் செய்ய முடியவில்லை.

சில கிழமைகளுக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. மாமாவின் முகத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. டாக்டர் எழுதியதைப் பார்க்காமல், சிரிப்பை மட்டும் வைத்து முடிவெடுத்தது நியாயமில்லை. வேறொருவர் திரும்பவும் முடிவெடுக்க வேண்டும் என்று இருந்தது. நிரூபா அக்கா போனில் வாழ்த்திவிட்டு, இந்தமுறை மாமாவைக் கூப்பிட்டுக் கேட்கவும் கூடும் என்றார்.

"அப்ப நான் திரும்பவும் முதலிலை இருந்து சொல்லவேணுமோ?" என்று கேட்ட மாமா சிரிக்கத் தொடங்கினார். நிறுத்தவே இல்லை.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா கறுப்புச் சால்வையை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.