பந்துத் திடலில் ஓர் அலுமினிய மூலை

எண்பதுகளின் நடுவில் நான் ஈப்போவில், வரைபடம் வரையும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். ஒரு நாள் மேலாளர் கூப்பிட்டு, தாப்பாவைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய்வரச் சொன்னார்.

விண்ணோடம் ஒன்றில் ரேடாரைப் பொருத்திப் பூமியைச் சுற்றவிட்டிருந்தார்கள். மேகம் மூடியிருந்தாலும் அது கீழே இருப்பதைப் படமெடுத்துவிடுமாம். ஆனால் படத்தில் எந்த இடம் எது என்று தெரிய, தரையில் ஓர் அடையாளம் வேண்டும். மூன்று அலுமினியத் தகடுகளை அறையின் மூலைபோல் சேர்த்து வானத்தைப் பார்க்க நிறுத்தினால், ரேடார் அலை அதில் பட்டு வந்த வழியே திரும்பும். படத்தில் அது வெள்ளைப் புள்ளியாக விழும். தோட்டத்து மக்களிடம் தமிழில் பேச ஆள் தேவைப்பட்டதால் என்னை அனுப்பினார்கள்.

போன அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரேடார் எங்களைக் கடப்பது கண்ணிமைக்கும் நேரம்தான். தகடு கொஞ்சம் திரும்பியிருந்தாலும் எல்லாம் வீண்.

மலாய்க்கார டிரைவரும் நானும் பந்துத் திடலில் தகடுகளையும் அவற்றைத் தாங்கும் முக்காலியையும் இறக்கினோம். வெட்டிய ரப்பர் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு லயத்து வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். நாற்பது வயதிருக்கும் ஓர் அக்கா, ரப்பர் பால் காய்ந்து விறைத்த சட்டையோடு, என் முன்னால் வந்து நின்றார்.

"என்னாது தங்கச்சி இது? தோட்டத்த அளக்க வந்தியா?"

"இல்லக்கா. வானத்துலருந்து படம் எடுக்குறாங்க. அதுக்கு அடையாளம்."

"பக்கத்துத் தோட்டத்துலயும் மொதல்ல கம்புதான் நட்டாங்க. அப்புறம் துண்டு போட்டு வித்துட்டாங்க. இப்ப அங்க லயமே இல்ல."

"இது அதுக்கு இல்லக்கா."

"ஒனக்கு எப்டித் தெரியும்லா?"

இந்தத் தோட்டத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"எனக்குச் சொன்னது இவ்ளோதான்கா. வேற தெரியாது."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விலகினார். "சரி, வை. ஆனா நான் இங்கயேதான் இருப்பேன்."

மதியத்துக்குமேல் மழை பிடித்துக்கொண்டது. காற்று ஒரே வீச்சில் தகட்டைத் தூக்கப் பார்த்தது. நான் எழுவதற்குள் அந்த அக்கா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

"முன்னால நிக்காதீங்கக்கா! பின்னால!"

அவர் பின்பக்கம் குந்தி முக்காலியின் ஒரு காலைப் பிடித்தார். நான் இன்னொரு காலை. டிரைவர் மூன்றாவதை. சேறு முழங்காலுக்கு ஏறியது.

"இந்த மழையில என்னாலா தெரியும் அதுக்கு?"

"தெரியும்னு சொல்றாங்கக்கா!"

கைக்கடிகாரத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். குறித்த நேரம் வந்தது, கடந்தது. இடியைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

"போயிருச்சா?"

"போயிருக்கும்."

அவர் மழைக்கு முகத்தைக் காட்டி மேலே பார்த்தார். "ஒண்ணுமே கேக்கலியே," என்றார்.

படம் வர மாதக்கணக்கானது. அதுவரை சாப்பிடும்போதும் பேருந்திலும் அதே நினைப்பு. வந்ததும் மேசையில் விரித்துப் பார்த்தேன். ஈயம் தோண்டிய பள்ளங்களில் தேங்கிய குட்டைகள் மைபோல் கறுப்பு, ரப்பர் காடு சாம்பல் நிறம். திடல் ஒரு சின்ன இருட்டு. அதற்குள் வெள்ளைப் புள்ளி, அசையாமல் விழுந்திருந்தது.

ஒரு பிரதி எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பேருந்தேறிப் போனேன். அக்கா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம லயம்?"

பக்கத்தில் இருந்த வெளிறிய கீற்றைக் காட்டினேன்.

"ஆளு தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"வீட்டக் காட்டுது, ஆளக் காட்டலியா," என்று சொல்லிப் படத்தை அலமாரியில் வைத்தார்.

சில வருடங்களில் அந்தத் தோட்டமும் விற்கப்பட்டது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வாங்கினார்களா என்று மேலாளரிடம் கேட்டேன். "அந்தப் படத்த வச்சு யாரும் நெலம் வாங்க மாட்டாங்க," என்று சிரித்தார். நம்பினேன். ஆனாலும் மனம் அடங்கவில்லை.

பிறகு ஒரு மாலை, ஈப்போ பேருந்து நிலையத்தில் அந்த அக்காவைப் பார்த்தேன். தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்தார்.

"அக்கா, அந்தப் படத்தால இல்லக்கா…" நானாகவே தொடங்கினேன்.

"தெரியும்லா. பணக்காரத் தௌக்கே ஒருத்தன் வாங்குனான், தோட்டத்து மொதலாளி வித்தான். ஒங்கிட்டயா கேட்டாங்க? நீ இன்னும் அதயே பிடிச்சிக்கிட்டு இருக்கியா?"

பேருந்து வந்துவிட்டது. படியில் ஏறியபடியே திரும்பினார். "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. மீன் கறி வைக்கிறேன்."

போனேன். அடுக்குமாடியின் மூன்றாம் மாடி. சாப்பிட்டு முடிக்கும்வரை இருவரும் வேலை, வாடகை, பேருந்து நேரம் என்றே பேசிக்கொண்டிருந்தோம். படத்தைப் பற்றிப் பேச எனக்கும் தோன்றவில்லை.