பார்க்கலாமுங்க என்றொரு சொல்லும் ஏழு பாட்டில் தண்ணீரும்

ஒரே ஒரு சொல்லை நம்பி ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கியவன் கோயம்புத்தூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தச் சொல், ‘பார்க்கலாமுங்க.’

வீடு, சைட் விற்றுக் கொடுக்கும் தொழிலுக்கு வந்து அப்போது ஐந்து மாதம். ஒன்றும் முடிந்தபாடில்லை. கணபதியில் இட்லி மாவுக்கடை வைத்திருக்கும் ஒரு அக்காவுக்குச் சரவணம்பட்டியில் ஒரு வீட்டைக் காட்டினேன். மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட்டு அவர், “ரொம்ப சந்தோசமுங்க தம்பி, பார்க்கலாமுங்க, நானே கூப்பிடறனுங்க” என்றார். ஒரே மூச்சில் மூன்று ‘ங்க’. இத்தனை மரியாதைக்குப் பிறகு வியாபாரம் முடியாமல் இருக்குமா? நேராக இனிப்புக் கடைக்கு வண்டியை விட்டேன்.

மனைவி பெட்டியைத் திறக்கவில்லை.

“அந்தக்கா என்ன சொன்னாங்க, அப்படியே சொல்லுங்க.”

சொன்னேன்.

“ஏனுங்க, வாரா வாரம் வர்ற இன்சூரன்ஸ்காரருக்கு நீங்க என்ன சொல்லி அனுப்பறீங்க?”

“பார்க்கலாமுங்கன்னு.”

“அவரு என்னைக்காவது மைசூர்பாகு வாங்கிட்டு வந்தாருங்களா?”

பிறந்தது, வளர்ந்தது, பல் முளைத்தது, அதில் இரண்டு விழுந்தது எல்லாம் இதே ஊரில்தான். ‘வேண்டாம்’ என்று முகத்துக்கு நேரே சொல்லத் தெரியாத ஊர். நானே ஆயிரம் பேருக்குச் சொன்ன ‘பார்க்கலாமுங்க’ எனக்கு வந்தபோது மட்டும் அர்த்தம் மாறிப்போயிருந்தது. மைசூர்பாகை நாங்கள் இருவரும் நான்கு நாள் தின்றோம். அவள் சிரித்துக்கொண்டே தின்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெருந்துறை தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து ஸ்டோர் கணக்குப் பார்க்கிற வேலைக்கு மச்சான் என்னைச் சொல்லி வைத்திருந்தார். ஆடி முதல் தேதி சேர வேண்டும். ஆடியில் வீடு வாங்குகிற ஆளை நான் பார்த்ததில்லை. ஆக, ஆனி முடிவதற்குள் ஒரு வீடாவது முடிய வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலி. நாற்காலிக்கும் எனக்கும் ஆகாது. முன்பு ஒரு பம்ப் கம்பெனி ஆபீசில் இருந்தேன். உட்கார முடியாமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் கேனுக்கு நடப்பேன். மேனேஜர் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, “தம்பிக்குச் சுகர் இருக்குதுங்களா?” என்று பரிவோடு விசாரித்தார்.

அந்த அக்கா ஏன் நழுவினார் என்பதையும் மனைவிதான் கண்டுபிடித்தாள்.

“அவங்க ஏதாச்சும் கேட்டாங்களா?”

“தண்ணி எப்படின்னு கேட்டாங்க. தேனு மாதிரின்னு சொன்னேன்.”

“நீங்க குடிச்சுப் பார்த்தீங்களா?”

நான் அந்த வீட்டில் குழாயையே திறந்ததில்லை. அக்கா திறந்தார், உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்தார், அதன் பிறகுதான் அந்த மூன்று ‘ங்க’ வந்தது.

“மாவுக்கடைக்காரங்ககிட்டப் போய்த் தண்ணியில பொய் சொல்லிப்போட்டு வந்திருக்கறீங்களே! உப்புத் தண்ணியில ஆட்டுன மாவ யாரு வாங்குவா?”

மறுநாளிலிருந்து வண்டிப் பெட்டியில் காலி பாட்டில்களோடு திரிந்தேன். விற்பனைக்கு இருக்கும் வீடு ஒவ்வொன்றிலும் குழாயைத் திறந்து குடித்தேன். பாட்டிலில் பிடித்து, தெருப் பெயரை எழுதி ஒட்டி, வீட்டு ஃபிரிட்ஜில் அடுக்கினேன். மூன்றாவது பாட்டில் தண்ணீரில் மனைவி தெரியாமல் காபி போட்டுவிட்டாள். ஒரு வாய் குடித்தவள், “இந்த வீட்ட எதிரிக்குக்கூட வித்துப்போடாதீங்க” என்றாள். தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான யோசனை அதுதான்.

ஏழாவது பாட்டில் துடியலூர்ப் பக்கம் ஒரு வீடு. தண்ணீர் நன்றாக இருந்தது. அது என்னை இன்னும் நிலைகொள்ளாமல் செய்தது: இவ்வளவு நல்ல தண்ணீர் உள்ள வீடு ஏன் ஆறு மாதமாக விலை போகவில்லை? காலையில் போனேன், உச்சி வெயிலில் போனேன், சாயங்காலம் போனேன், ஞாயிற்றுக்கிழமையும் போனேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடு சொர்க்கமாக இருந்தது. மற்ற நாளெல்லாம் பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் லேத் பட்டறை. எதிர்வீட்டுக்காரரிடமும் பேச்சுக் கொடுத்து வைத்தேன். இப்படிச் சுற்றுவதைத்தான் பம்ப் கம்பெனியில் வியாதி என்றார்கள்.

ஆனி கடைசி வாரம், அக்காவுக்கு போன் செய்தேன்.

“அக்கா, ஒரு வீடு இருக்குதுங்க. குறைய முதல்லயே சொல்லிப்போடறேன். ஒட்டுச்சுவத்துல லேத் பட்டறை, பகலெல்லாம் சத்தமுங்க. தண்ணி பாட்டில்ல கொண்டுவாரேன், குடிச்சுப் பார்த்துட்டு வாங்க.”

“பாட்டில் வேண்டாமுங்க. கொழாயிலயே குடிச்சுக்கறேன்.”

புறப்படும்போது மனைவி என் கையில் ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் கொடுத்தாள். “பேசோணும்னு தோணறப்பெல்லாம் ஒண்ண எடுத்து வாயில போட்டுக்குங்க.”

அக்கா குழாயைத் திறந்து குடித்தார். ஒரு கடலைமிட்டாய். மாடிக்குப் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். இரண்டு. சுவரில் காதை வைத்துப் பட்டறைச் சத்தத்தைக் கேட்டார். மூன்று, நான்கு. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பட்டறைச் சத்தத்தக்கூடப் பொறுத்துக்கலாமுங்க தம்பி. நீங்க செருப்பத் தேச்சுட்டே நிக்கறதத்தான் பொறுக்க முடியலீங்க.”

மறுபடியும் ‘ங்க’. எனக்குப் பெருந்துறை பஸ்ஸின் போர்டே கண்ணில் தெரிந்தது.

“ஏனுங்க, இந்தச் சத்தத்துக்கு இங்க யாரும் சண்டைக்குப் போறதில்லீங்களா?”

மிட்டாயை விழுங்கினேன். “எதிர்வீட்டுல கேட்டனுங்க. முதல்ல சண்டை போட்டாங்களாம். இப்ப மெசின் நின்னாத்தான் மத்தியானத் தூக்கம் கலையுதாம்.”

அக்கா முதல்முறையாகச் சிரித்தார். “எங்க வாடகைக்குப் போனாலும் மூணாவது மாசம் காலி பண்ணச் சொல்றாங்க. நாலு கிரைண்டர் ஓடற சத்தம் தாங்கலையாம்.”

ஊரே ஒதுக்கிய அந்தச் சுவரை அவர் ஏன் அப்படிக் காது கொடுத்துக் கேட்டார் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. குறை என்று நான் சொன்னதைக் கேட்கத்தான் அவர் வந்திருந்தார்.

ஆனாலும் அவர் மறுபடியும் குழாயடிக்குப் போய் இன்னொரு கை தண்ணீர் பிடித்தார். பாக்கெட்டைத் தடவினேன், மிட்டாய் தீர்ந்திருந்தது. கால் தானாக ஆடியது. கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

“அப்ப... பார்க்கலாமுங்களாக்கா?”

அக்கா முந்தானையில் கையைத் துடைத்தார்.

“பாத்தாச்சு, பத்திரத்தக் காட்டு.”