ஒற்றைச் சில்லின் கவை முறிந்த பின்னேரம்

பேய் பிடித்தது, தெய்வக் குற்றம் வந்தது என்று யாராவது பேச்செடுத்தால், அந்தப் பேச்சினால் ஊரில் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். சமூகவியல் படித்ததால் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அப்படிப்பட்ட கதைகளில் ஒன்றைக்கூட நான் நம்பியதில்லை, நம்பியவர்களோடு வாதாடி உறவைக் கெடுத்துக்கொண்டதும் உண்டு. ஆகவே இதை வாசித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இது இருட்டில் நடந்ததல்ல. பங்குனி வெயில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்த பின்னேரத்தில், ஊரே சுற்றி நிற்க, மட்டக்களப்புக்குப் பக்கத்தில் வவுணதீவில் நடந்தது.

கல்லடியில், கை கால் இழந்தவர்கள் பகலில் வந்து தொழில் பழகிப்போகும் ஒரு நிலையத்தில் நான் வேலை செய்கிறேன். அவர்கள் வீதியில் இறங்கினால் எல்லோரும் பார்ப்பார்கள், ஒருவரும் பேசமாட்டார்கள். அந்தப் பார்வையை எப்படிப் பேச்சாக மாற்றுவது என்று நாங்கள் பலவிதமாக யோசித்துக்கொண்டிருந்தபோது என் நண்பன் ஜெரோம்தான் ஒற்றைச் சில்லுச் சைக்கிளைப் பற்றிச் சொன்னான். "ஒரு சில்லில திருகோணமலை வரைக்கும் போவம் மச்சான். எல்லாரும் வாயப் பிளந்துகொண்டு ஓடி வருவாங்க. வந்த வாய மூடவிடாம நாம கதை சொல்லுவம்" என்றான்.

ஜெரோம் மட்டக்களப்பு டவுனில் இருக்கிற ஐரோப்பியர் வழிவந்த பறங்கிக் குடும்பத்துப் பிள்ளை. பகலில் இரும்பு ஒட்டுகிற வேலை, கல்யாண வீடுகளில் வயலின். அந்த இரண்டையும் செய்கிற கையைப் பற்றித்தான் நான் சொல்லப்போகிறேன். எங்களோடு சேர்ந்த மூன்றாவது ஆள் சுதா. வவுணதீவுக்காரி, பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியை. நாங்கள் மூவரும் மாறி மாறி ஓட்டுவது, ஏறாவூர், வாழைச்சேனை என்று இடையில் தங்கித் தங்கிப் போவது என்பது திட்டம்.

ஒற்றைச் சில்லை விளையாட்டுப் பொருள் என்று நினைத்திருந்தேன். அது ஆளைக் கடிக்கிற சாமான். அதற்குச் சங்கிலி இல்லை, கியர் இல்லை, பெடல் சில்லின் அச்சிலேயே பூட்டியிருக்கும். கால் ஒரு சுற்று சுற்றினால் சில்லும் ஒரு சுற்று. இறக்கத்தில்கூடக் காலுக்கு ஓய்வு கிடையாது. காலை நிறுத்தினால் சில்லு நின்றுவிடும், நீங்கள் மட்டும் முன்னால் போய் முகத்தால் தார் வீதியைத் தேய்ப்பீர்கள். பழகத் தொடங்கிய நாட்களில் பெடலின் பல் என் காலின் முன்பக்கத்தைக் கிழித்து எலும்பு தெரிந்தது. சுதாவின் மேலுதட்டில் தையல் விழுந்தது. ஜெரோம் விழும்போதெல்லாம் கைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தோளால் விழுவான். கையைக் காப்பாற்றத் தோளைக் கொடுத்தவன் அவன்.

எந்தச் சில்லில் போவது என்பதில்தான் பிரச்சினை வந்தது. எங்களிடம் இருந்த இரண்டில் ஒன்றைத்தான் கொண்டுபோக முடியும், ஏனெனில் உதிரிப் பாகங்களை முதுகில் சுமக்க வேண்டும். ஜெரோம் முப்பத்தாறு அங்குலப் பெரிய சில்லுக்காக நின்றான். ஒரு மிதியில் நெடுந்தூரம் போகும், நீண்ட பயணத்துக்கு அதுதான் சரி என்றான். சில்லு மட்டும்தான் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதைப் பிடிக்கிற இரும்புக் கவையைக் குழாயை வளைத்து அவனே ஒட்டியிருந்தான். சுதா இருபத்தொன்பது அங்குலத்துக்காக நின்றாள். ஏறுவது லேசு, நிறுத்துவது லேசு, டியூப் வெடித்தால் எந்தச் சந்தியிலும் நம் ஊர்ச் சைக்கிள் டியூப்பைப் போட்டுச் சமாளிக்கலாம். நான் முடிவெடுக்க முடியாமல் இரண்டின் விளைவுகளையும் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். வேகமா, பாதுகாப்பா? லொறிகள் ஓடுகிற வீதியில் பெரிய சில்லிலிருந்து ஒருவர் விழுந்தால் அவருடைய வீட்டுக்கு யார் பதில் சொல்வது?

அறுவடை முடிந்த வயல் வட்டைக்குப் பக்கத்தில் ஒரு வெட்டைவெளியில்தான் பழகிக்கொண்டிருந்தோம். பார்க்க வந்த ஊர்ப் பெடியன்களும் பெண்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். அங்கே அப்படிப் பிரிவதற்கு ஆயத்தமாக ஒரு வழி இருந்தது. கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் சடங்கு செய்கிற எங்கள் பகுதி ஊர்களில் கொம்பு விளையாட்டு என்று ஒன்று உண்டு. வளைந்த மரக் கொம்புகள் இரண்டை ஒன்றில் ஒன்று கொளுவி, வடசேரி ஒரு பக்கம், தென்சேரி மறு பக்கம் நின்று கயிறு கட்டி இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றார். தோற்றவர்களை வென்றவர்கள் வசைபாடித் தீர்ப்பார்கள். பிறக்கும்போதே ஒருவர் எந்தச் சேரி என்பது முடிவாகிவிடும், அண்ணன் தம்பிக்குள்கூட அந்தச் சில நாட்களுக்குப் பேச்சு இராது. அம்மனின் கோபம் ஆறுவதற்காக ஆடுவது என்பார்கள். அதைத் தொடங்குவதற்கும் முறை உண்டு, முடித்துக் கைகழுவுவதற்கும் முறை உண்டு. நாங்கள் நின்ற வெட்டையில்தான் முன்பு கொம்பு இழுத்தார்களாம். யுத்தத்தில் ஊர் இடம்பெயர்ந்த காலத்தில் நின்றுபோன விளையாட்டு பிறகு அங்கே நடக்கவில்லை.

அன்றைக்குச் சுதா ஜெரோமைச் சீண்டினாள். "உன்ட ஒட்டு வாகரைக்குப் போக முதலே வாயப் பிளக்கும். மறுகா கவைய ஒரு கையிலயும் சில்ல ஒரு கையிலயும் பிடிச்சுக்கொண்டு நடந்து வா."

"என்ட ஒட்டா? உன்ட சாமான்தான் சீனிக் குச்சி மாதிரி முறியும்."

"முறிச்சுக் காட்டு பாப்பம்!"

உழவு மெசின் ஓட்டுகிற தவம் அண்ணன் வரம்பில் குந்தியிருந்தவர் எழும்பினார். "ஏன்கா பறைஞ்சுகொண்டு நிக்கிறீங்க? ரெண்டையும் கொளுவி இழுங்க. எது முறியுதோ அது ஊட்ட கிடக்கட்டும்."

எல்லோரும் கூச்சல் போட்டார்கள். நானும் அதில் தவறு காணவில்லை. ஒட்டு பலமானதா என்று பார்க்க இழுவைச் சோதனை செய்வது உலகத்தில் எங்கும் உள்ளதுதானே. சில்லையும் சீற்றையும் கழற்றினால் மிஞ்சுவது கவைதான், பார்வைக்கே கொம்பு மாதிரி. கவையோடு கவையைக் கொளுவினோம். தவம் அண்ணன் மெசின் பெட்டியில் பாரம் கட்டுகிற பச்சை நைலோன் கயிறுகளைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் கட்டினார். வடசேரிக்காரர் பெரிய கவையின் பக்கம் போனார்கள், தென்சேரிக்காரர் சின்னதின் பக்கம். சுதா தென்சேரிக் கயிற்றின் தலைப்பில் நின்றாள். வழுவழுப்பான இரும்பு ஆனபடியால் கொளுவிய இடம் நழுவிக்கொண்டே இருந்தது. கயிறு இறுகும்வரை பிடித்திருந்துவிட்டுக் கையை எடுக்கிறேன் என்று ஜெரோம் நடுவில் குந்தினான். நான் சுதாவின் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் நின்றேன். நான் எந்தக் கயிற்றையும் தொடவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விசில் ஊதினேன். முதலில் சிரிப்பும் பகிடியும்தான். "வடசேரிக்குக் கஞ்சி காணாது போல!" என்று ஒருத்தி கத்தினாள். "உன்ட புருசனும் இஞ்சதான் இழுக்கான்டி, அவன்ட்டக் கேள்!" என்று பதில் வந்தது. அதன் பிறகு யாரும் பேசவில்லை. அவ்வளவு பேரும் ஒரே கணத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். மூச்சுச் சத்தமும் கயிறு முறுகுகிற சத்தமும் மட்டும் கேட்டன. அந்த நேரத்தில்தான் ஜெரோம் அலறினான். அவனுடைய வலது மணிக்கட்டு இரண்டு இரும்புக்கும் நடுவில் போயிருந்தது.

விசிலைத் திரும்பத் திரும்ப ஊதினேன். "விடுங்க! கை! கை!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாரும் விடவில்லை. நான் பார்த்த முகங்களை எப்படிச் சொல்வேன். ஒருவன் தன் கீழுதட்டையே கடித்துத் துப்பிக்கொண்டு இழுத்தான். சுதாவின் மூக்கால் இரத்தம் கொட்டி வெள்ளைச் சட்டை நனைந்தது, அவள் கண்ணிமைக்கவில்லை. தடக்கி விழுந்த ஒருவனின் முதுகின்மேல் ஏறி நின்று மற்றவர்கள் இழுத்தார்கள், அவன் கீழே கிடந்தபடி கயிற்றைப் பல்லால் பிடித்திருந்தான். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த தென்னமட்டையை மிதித்தது போல. நான் ஜெரோமைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப்பிடித்து இழுத்தேன். அவன் வியர்வை மணமும், அவன் சட்டைப் பொத்தான் என் மணிக்கட்டில் குத்தியதும் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

சுதாதான் முதலில் தன்னுணர்வு வந்து வீரிட்டாள். கையை உதறினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக விட்டார்கள். எல்லோருடைய கையும் வெறுமையாக விரிந்திருந்ததை நான் பார்த்தேன்.

கயிறு விழவில்லை.

நம்பினால் நம்புங்கள். இரண்டு கயிறும் இடுப்பளவு உயரத்தில், ஒருவரும் பிடிக்காமல், முறுகி நின்றன. நின்றதோடு விடவில்லை. இழுத்தன. ஒருமுறை வடக்கே, ஒருமுறை தெற்கே என்று ஜெரோமைத் தரையோடு தேய்த்துக்கொண்டு போயின. அவன் குதிகால் மண்ணைக் கிழித்த தடத்தை மறுநாள் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தவம் அண்ணன் வெட்டுக்கத்தியோடு ஓடிவந்து கயிற்றை ஓங்கி வெட்டினார். கத்தி பட்டுத் தெறித்து அவருடைய கன்னத்தையே பிளந்தது. இரண்டாவது முறை அவர் ஓங்குவதற்குள் துவக்கு வெடித்தது மாதிரி ஒரு சத்தம். சின்னக் கவை முறிந்தது, ஒட்டில் அல்ல, ஒட்டே இல்லாத நடு இரும்பில். கயிறுகள் இரண்டு பக்கமும் சாட்டை போல அடித்துப் பறந்து வட்டைக்குள் விழுந்தன.

வடசேரிப் பக்கத்தில் ஒருவரும் வெற்றிக்குரல் எழுப்பவில்லை. 

ஆஸ்பத்திரியில் ஜெரோமை உள்ளே கொண்டுபோன பிறகு, ஒரு தாதி என்னைப் பார்த்து, "தம்பி, உங்கட கையையும் காட்டுங்க" என்றா. ஜெரோமின் இரத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கழுவிவிட்டபோது என் இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. கயிறு அறுத்த காயம். பச்சை நைலோன் நார்கள் சதைக்குள் இருந்தன, அவற்றை ஒவ்வொன்றாக இடுக்கியால் பிடுங்கினா.

நான் படித்தவன், விளக்கம் தேடினேன். கூட்டத்தின் வெறி தனி மனிதனின் நினைவை அழிக்கும். நைலோன் நீளும், சுருங்கும். அதிர்ச்சியில் நானே கயிற்றைப் பிடித்துவிட்டு மறந்திருக்கலாம். இப்படி எழுதி எழுதிப் பார்த்து ஓரளவுக்கு என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். சுதா பெரிய சில்லையும் வேண்டாம் என்றாள், பயணத்தையும் வேண்டாம் என்றாள். அந்த வெட்டைப் பக்கம் அவள் இப்போது போவதில்லை.

ஜெரோமின் கையை வெட்டி எடுக்கத் தேவையில்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். ஆனால் விரல்கள் மடங்கவில்லை. வயலின் வில்லை அந்தக் கை இனிப் பிடிக்காது. ஜெரோம் வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். வாவியைப் பார்த்தபடி கதிரையில் இருந்தான். கொஞ்ச நேரம் பழைய கதை பறைந்தோம். பிறகு கோபமில்லாமல், சுகம் விசாரிப்பது போலக் கேட்டான்.

"மச்சான், ஏன்டா விடல்ல?"

"எதை?"

"கயித்த."

"நான் உன்ன இடுப்பில பிடிச்சிருந்தன்டா. பின்னால இழுத்தனே."

"என்ன ஒருத்தரும் பிடிக்கல்ல." மெல்லத்தான் சொன்னான். "வடக்கால பார்த்தன், எல்லாருக்கும் முன்னுக்கு நீ நிண்டாய். தெற்கால கிறுகிப் பார்த்தன், சுதாக்குப் பக்கத்தில அங்கயும் நீ. எல்லாரும் விட்ட பிறகும் ரெண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு இழுத்தீங்க."

என் உள்ளங்கைகளைப் பார்த்தேன். அவனே சிரித்தான், பழைய ஜெரோம் மாதிரி. "அந்த ரெண்டு பேரில இப்ப வந்திருக்கிறது ஆர்?"

பகிடிதான் விட்டான் என்று நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கக் கையை நீட்டினேன். ஜெரோம் கட்டுப் போட்ட கையை வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

கட்டு அவிழ்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. கிழமைக்கு ஒருமுறையாவது போகிறேன், ஒன்றாகச் சாப்பிடுகிறோம். இன்றைக்கும் நான் எதையாவது எடுக்கக் கை நீட்டினால் அவன் அப்படித்தான் செய்கிறான்.